பூங்காவனம் வீட்டுக்குக் கிளம்பி வந்த குண்டு

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா என் நாக்கு அழுகிப் போகட்டும். கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணலாம்னு பாத்தா கையில கற்பூரம் இல்ல, பீடிதான் இருக்கு. சரி, இந்தப் பீடியை அணைச்சே சத்தியம் பண்றேன். பாதி இழுத்த பீடியை அணைக்கிறவன் பொய் சொல்லுவானா, நீங்களே சொல்லுங்க.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல, கடலுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி, அவுரிப்பாக்கம்னு ஒரு ஊரு இருந்துச்சு. இப்பப் போய்த் தேடாதீங்க, அங்க பஸ் நிக்காது. ஊரே துணிக்கு நீலம் தோய்க்கிற ஊரு, ஆம்பள பொம்பள அத்தனை பேருக்கும் முழங்கை வரைக்கும் நீலம், வெளியூர்க் கல்யாணத்துல பந்தியில குந்தினா பரிமாறுறவன் "கையைக் கழுவிட்டு வாங்கப்பா"ம்பான், கழுவினா போற நீலமா அது, எரிச்சாலும் சாம்பல்ல தெரியுற நீலம்.

வடக்கால புதுச்சேரியில பிரெஞ்சுக்காரன் கோட்டை, தெக்கால கடலூர்ல இங்கிலீஷ்காரன் கோட்டை. அவுங்க தேசத்துல ஒரு ராசா இன்னொரு ராசாவைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா இங்க நம்ம பனமரம் முறியும். இந்தக் கரையில யாரு துணி வாங்குறது, யாரு கப்பலை நிறுத்துறது, எந்த நவாப்பைத் தூக்கி ஆசனத்துல உக்கார வெக்கிறதுன்னு ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டை. அவனுக்கு இந்த ஊரு வேணுமான்னு கேட்டா அப்படி ஒண்ணும் வேணாம், இவனுக்குக் கிடைச்சிடக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி.

அந்த ஊர்ல பூங்காவனம்னு ஒருத்தி. தாலியறுத்தவ, புள்ளகுட்டி இல்ல. புருஷன் விட்டுட்டுப் போனது ஒரு வீடும், அந்த வீட்டு உள்முத்தத்துல கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்ச ஒரு பெரிய மண் சாலும்தான். நீலம் புளிக்கிற சால். அவுரியும் சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் ஊத்தி, தயிருக்கு உறை விடுற மாதிரி பழைய நீலத்துல புது நீலத்தை விட்டு, வருஷக்கணக்கா உசிரோட வெச்சிருந்த சால். அதைத் தோண்டி எடுக்க முடியாது, அசைச்சா செத்துப்போயிடும். அவ சால்ல முக்கின கருநீலம் அந்தக் கரையில வேற யாருக்கும் வாய்க்கல, அதனால ரெண்டு கம்பெனி ஆளும் அவ வாசல்ல வந்து நிப்பான், அவளும் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு ஒருத்தனுக்குத் தருவா, ஒருத்தனைப் போடான்னுவா. வெள்ளைக்காரன் ஆளையே போடான்னு சொல்ல முடியுற பொம்பள அந்தச் சீமையிலேயே அவ ஒருத்திதான். சால் இருக்கிற வரைக்கும்தான் அந்தப் போடா. சால் போச்சுன்னா அடுத்தவன் சால்ல கைய விட்டு, அடுத்தவன் கை காட்டுன எடத்துல குந்த வேண்டியதுதான்.

இப்ப குண்டுக்கு வரேன்.

ஒருநாள் காலையில கடல்ல ரெண்டு தேசத்துக் கப்பலும் மோதிக்கிச்சு. ஒருத்தன் சுட்ட பீரங்கிக் குண்டு எதிரிக் கப்பலை விட்டுட்டு, தென்னந்தோப்பைத் தாண்டி, அவுரிப்பாக்கத்துத் துணி காயப்போடுற களத்துக்கு மேல வந்து, அங்கேயே நின்னுடுச்சு. விழல. பரங்கிக்காய் அளவு இரும்புக் குண்டு, ஆள் நெஞ்சு உயரத்துல, அந்தரத்துல நிக்குது. பக்கத்துல துணி ஒதறிக்கிட்டு இருந்த பொம்பளைங்க வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாங்க. பக்கத்து வீட்டு வேம்புலி, துணி அடிக்கிறவரு, சுத்தி வந்து பாத்துட்டு, "அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கு, அலுத்திருக்கும்"னாரு. சரிதான்னு எல்லாரும் துணியை ஒதறப் போயிட்டாங்க.

அப்புறம் அது ஊருக்குப் பழகிப் போச்சு. கொடி கட்ட ஒரு முனை வேணும்னா அதுல கட்டினாங்க. மார்கழி வெயில்ல சூடேறிக் கிடக்கும், மூட்டுவலிக்காரங்க முதுகைக் கொண்டுபோய் அதுல ஒட்டிக்கிட்டு நின்னாங்க. யாரோ பொட்டு வெச்சாங்க, யாரோ சாம்பிராணி காட்டினாங்க, காக்கா அது மேல குந்தி தன் பங்குக்கு அபிஷேகம் பண்ணுச்சு. கடன் வாங்குறவன் குண்டைத் தொட்டு சத்தியம் பண்ணினான், திருப்பித் தராதவனும் அதைத் தொட்டே பண்ணினான். வழி கேட்டா "குண்டுக்குக் கிழக்கால மூணாவது வாசல்"னு சொன்னாங்க. பொறந்து வளந்த புள்ளைங்க வெளியூர் போயிட்டு வந்து, "அந்த ஊர்ல குண்டே இல்லம்மா, எப்படித்தான் துணி காய வெக்கிறாங்களோ"ன்னுச்சுங்க.

ஆனா அது சும்மா நிக்கல. ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், நகந்துச்சு. மேக்கு பாத்து, நூல் புடிச்ச மாதிரி. மேக்கால என்ன இருக்கு? பூங்காவனத்து வீடு இருக்கு, வீட்டுக்குள்ள சால் இருக்கு.

நகந்துக்கிட்டே இருந்தது திடீர்னு ஒரு நாள் நின்னு போச்சு. ஏன் நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியல. ஆறு மாசம் கழிச்சுக் கப்பல்ல சேதி வந்துச்சு, ராசாக்கள் ராசியாயிட்டாங்களாம். கணக்குப் போட்டுப் பாத்தா, அங்க அவுங்க கையெழுத்துப் போட்ட நாளும் இங்க குண்டு நின்ன நாளும் ஒண்ணு. அப்புறம் என்ன, கோட்டையில இருக்கிற தொரைக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அவுரிப்பாக்கத்துக் கோழிக்குத் தெரிஞ்சிடும், சண்டையா சமாதானமான்னு.

அந்த ராசியைப் பத்தி ஊருக்கு வந்து சொன்னவரு துபாஷ் வரதப்பர். துபாஷ்னா வெள்ளைக்காரன் சொல்றதை நமக்கும், நாம சொல்றதை வெள்ளைக்காரனுக்கும் மாத்திச் சொல்லி, நடுவுல தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கிறவரு. இவரு ரெண்டு கம்பெனிக்கும் துபாஷ். புதுச்சேரிக்குப் போக ஒரு தலப்பா, கடலூருக்குப் போக ஒரு தலப்பா.

"மேசை மேல உலகத்தையே படமாப் போட்டு விரிச்சாங்களாம்மா," வரதப்பர் சொன்னாரு. "எங்கயோ பனிக்கட்டி கொட்டுற, மீன் காயப்போடுற ஊரை இங்கிலீஷ்காரங்க பிரெஞ்சுக்காரங்களுக்குக் குடுத்தாங்க. அதுக்குப் பதிலா நம்ம கரையில ஒரு பட்டணத்தை அவுங்க திருப்பிக் குடுத்துட்டாங்க."

பூங்காவனம் துணியைப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டா, "நமக்குப் பதிலா கருவாட்டு ஊரா?"

"ஆமாம்மா."

"அந்தக் கருவாட்டுக்காரங்களைக் கேட்டாங்களா?"

"அவுங்களை எதுக்கும்மா கேக்கணும்?"

"ஏதோ, நம்மளைக் கேக்கலையேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அவுங்களையும் கேக்கலன்னா சரி."

ராசியாயிட்டாங்களே, இனி நிம்மதின்னு நினைச்சா, நின்ன குண்டு மறுபடியும் மெள்ள அசைய ஆரம்பிச்சது. ராசாக்கள் கைகுலுக்கிட்டாங்க, ஆனா இங்க இருக்கிற கம்பெனிக்காரங்க ஆளுக்கொரு நவாப்பை முன்னால நிறுத்தி, பின்னாலிருந்து துப்பாக்கியை நீட்டிக்கிட்டு இருந்தாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி குண்டும் தவழுற புள்ள மாதிரி ஒரு நாள் நகந்து ரெண்டு நாள் நின்னு வந்துச்சு.

அந்தச் சமயம் பாத்துப் பூங்காவனத்து சால் கோவிச்சுக்கிச்சு. நீலம் அப்படித்தான், சில நேரம் காரணமே இல்லாம முறுக்கிக்கும், துணியைப் போட்டா வெளிறிப்போய் வெளிய வரும். அதுக்கு அவுரிப்பாக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. சால் கோவிச்சுக்கிட்டா ஒரு பெரும்பொய்யைச் சந்தையில அவுத்து விடணும். பொய்யி எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவுக்கு நீலம் ஏறும். விட்ட பொய்யைத் திரும்ப வாங்கக் கூடாது, வாங்கினா ஏறின நீலம் எறங்கிடும். நம்ம பூங்காவனம் சந்தைக்குப் போனா, கத்திரிக்காயைப் பொறுக்கிக்கிட்டே, யார்கிட்டயும் சொல்லாத மாதிரி எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா, "எங்க ஊர்க் குண்டு ஏன் விழலைங்கிறே, உள்ளுக்குள்ள வைரம்டீ."

சால் அன்னைக்கே தெளிஞ்சுது. அப்படி ஒரு நீலம் அவ வாழ்நாள்ல பாத்ததில்ல, முக்கி எடுத்தா அமாவாசை மாதிரி வந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல இருக்கும்போதே, பொய்யி ரெண்டு கோட்டை வரைக்கும் போயி, வாசல்ல ரெண்டு சிப்பாய் வந்து நின்னானுங்க. செகப்புச் சட்டைக்காரன் இங்கிலீஷ்காரன் அனுப்பினவன், வெள்ளைச் சட்டைக்காரன் பிரெஞ்சுக்காரன் அனுப்பினவன். குண்டைச் சுட்டது எங்க கப்பல், அதனால குண்டு எங்களுதுன்னு ஒரு கோட்டை சொல்லுச்சு. குண்டு நிக்கிறது எங்க நவாப்பு எங்களுக்கு எழுதிக் குடுத்த மண்ணு, அதனால எங்களுதுன்னு இன்னொரு கோட்டை சொல்லுச்சு. எடுத்துக்கிட்டுப் போலாம்னு பாத்தா அது அந்தரத்தை விட்டு வரல. எட்டு மாடு கட்டி இழுத்தாங்க, மாடுதான் சாணி போட்டுச்சு. சரி, அது தானா விழுற வரைக்கும் மத்தவன் தொட்டுடாம பாத்துக்கோன்னு ஆளுக்கொரு காவல் போட்டாங்க.

செகப்புச் சட்டைக்குள்ள இருந்தவன் மேலக்குப்பத்துக் காத்தான். வெள்ளைச் சட்டைக்குள்ள இருந்தவன் மண்ணாங்கட்டி. ரெண்டு பேரும் சகலைங்க, அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க. யாரு கூலி குடுத்தானோ அவன் சட்டையை மாட்டிக்கிட்டு வந்திருந்தாங்க.

"ஏன்டா, ஒரே வீட்டு மாப்பிள்ளைங்க, நீங்களாடா சண்டை போடப் போறீங்க?"ன்னா பூங்காவனம்.

"உத்தரவு வந்தா போட்டுத்தானக்கா ஆவணும்,"ன்னான் காத்தான். "குண்டு நகருது பாரு சகலை, உங்காளும் எங்காளும் எங்கயோ ஆரம்பிச்சுட்டானுங்க."

"உத்தரவு வரட்டும் சகலை," மண்ணாங்கட்டி குண்டு நெழல்ல காலை நீட்டினான். "கப்பல்ல வரணும், ஆறு மாசம் ஆவும். அதுவரைக்கும் வெத்தலையை மடி."

பூங்காவனம் மனசு கேக்காம ஒரு தடவை சொல்லிப் பாத்தா, "டேய், அதுல வைரமும் இல்ல ஒரு வெங்காயமும் இல்ல. எங்க ஊரு வழக்கம், சாலுக்காகப் பொய் சொன்னேன்." ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிச்சானுங்க. கோட்டைக்குப் போய்ச் சொன்னா, இல்லைன்னு சொல்றாளா, அப்போ ரொம்பப் பெரிய வைரம்தான்னு சொல்லி இன்னும் ரெண்டு காவல் போடுவானுங்களாம். அன்னைக்குச் சாயங்காலம் அவ சால்ல நீலம் ஒரு பிடி எறங்கி இருந்துச்சு. அதுக்கப்புறம் அவ வாயைத் தொறக்கல.

வருஷம் போச்சு. குண்டு களத்தைத் தாண்டிருச்சு, வேலியைத் தாண்டிருச்சு, அவ வீட்டுச் செவுத்துக்கு ஒரு கை தூரத்துக்கு வந்துருச்சு. ஊரு கூடிப் பேசுச்சு.

"வீட்டை விட்டுட்டு வேற எடம் பாத்துக்கோ தாயி,"ன்னாரு வேம்புலி.

"நான் வருவேண்ணே. சால் வருமா?"

 கடைசியில வேம்புலியே கடப்பாரையை எடுத்தாரு. செவுத்துல குண்டு வர்ற எடத்துல ஒரு ஓட்டை போட்டு, ஓரத்தைப் பூசி மெழுகிக் குடுத்தாரு. அதுக்கு நேரா பின் செவுத்துலயும் ஒரு ஓட்டை. வந்தது வந்த வழியா அந்தப் பக்கம் போயிட்டா சரின்னு. சால் மேல நெஞ்சு உயரத்துலதானே போகப் போகுது, தட்டாது. பூங்காவனம் ஓட்டைக்குக் கோலம் போட்டா. வேம்புலி கேட்டாரு, "குண்டுக்கெல்லாமா கோலம்?" அவ சொன்னா, "வர்றதுன்னு ஆயிடுச்சு, என்ன பண்ணச் சொல்றீங்க?"

குண்டு வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாசம்தான் பெரிய சண்டை. இந்த வாட்டி உலகம் பூரா போட்டுக்கிட்டாங்களாம், கருவாட்டு ஊர்லயும் போட்டாங்களாம், கரும்பு விளையுற தீவுலயும் போட்டாங்களாம், நமக்குப் பேரு வாயில நுழையாத எடத்துல எல்லாம் நம்மள மாதிரியே எவனோ வேலி போயி, கூரை போயி, கைய பிசைஞ்சுக்கிட்டு நின்னானாம். காத்தானுக்கும் உத்தரவு வந்துச்சு, மண்ணாங்கட்டிக்கும் உத்தரவு வந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாக் கஞ்சி குடிச்சுட்டு, ஒண்ணாவே தெருமுனை வரைக்கும் போயி, அங்க ஒருத்தன் வடக்கால திரும்பினான், ஒருத்தன் தெக்கால திரும்பினான்.

ஊர்ல யாருக்கும் அழக்கூட தெம்பில்ல. படை வடக்கே போனா நெல்லை வாரிக்கிட்டுப் போகும், தெக்கே திரும்பினா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போகும், எந்தச் சட்டைன்னு பாக்கக்கூட எந்திரிக்காம படுத்த எடத்துலயே "எடுத்துக்கோ, எடுத்துக்கோ"ன்னு கைய ஆட்டினாங்க. பூங்காவனம் மட்டும் தெனம் கஞ்சி ஊத்தி, கழியால கலக்கி, சாலை உசிரோட வெச்சிருந்தா. குந்தின எடத்துல தல நிமிந்தா தலைக்கு மேல குண்டு.

புதுச்சேரிக் கோட்டையைச் சுத்தி வளைச்சு, பட்டினி போட்டு, கடைசியில இடிச்சுத் தரையாக்கிட்டாங்கன்னு சேதி வந்த பிறகு காத்தான் வந்தான். தனியா வந்தான். கையில ஒரு வெள்ளைச் சட்டை.

பூங்காவனம் சட்டையைப் பாத்தா, அவனைப் பாத்தா. "யாரு சுட்டதுடா?"

"தெரியலக்கா. எங்க பக்கத்துக் குண்டா, அவுங்க பக்கத்துக் குண்டான்னே தெரியல." அந்தரத்துல நின்ன குண்டைக் கையால தடவிப் பாத்தான். "அங்க வந்த குண்டுல ஒண்ணுகூட இப்படி நிக்கலக்கா. ஒண்ணாவது நின்னிருக்கலாம்."

அவ அந்தச் சட்டையை வாங்கி சால்ல முக்கினா. கருநீலமா எடுத்து, பிழிஞ்சு, அவன் கையில குடுத்து, "இனி எவனுக்கும் இது சட்டையில்லடா, உன் மச்சினிச்சி புள்ளைக்குப் போத்திவிடு"ன்னா.

அப்புறம் ஒரு நாள் குண்டு நின்னுச்சு. சாலுக்கு நேர் மேல. ராசாக்கள் மறுபடி மேசையில உக்காந்துட்டாங்கன்னு ஊருக்குப் புரிஞ்சு போச்சு. பூங்காவனம் அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா. இனி சண்டை வந்தா குண்டு நகந்து பின் ஓட்டை வழியா போயிடும், வரலன்னா இங்கேயே நிக்கட்டும், நின்னா என்ன, அதுவும் ஒரு ஆளு மாதிரின்னு நினைச்சா.

சண்டை வரல. அந்த மேசையில பிரெஞ்சுக்காரன் தோத்துட்டான். இடிஞ்ச கோட்டையைத் திருப்பி வாங்கிக்கிட்டு, இனி படை கிடை வெக்க மாட்டேன், யாவாரம் மட்டும் பாத்துக்குறேன்னு எழுதிக் குடுத்துட்டான். எதிர்த்து நிக்க ஆளில்ல, இங்கிலீஷ்காரன் ஒருத்தன்தான். ரெண்டு பேரு இழுத்துக்கிட்டு இருந்த வரைக்கும் அந்தரத்துல நின்ன குண்டு, ஒருத்தன் கையை விட்டதும், ஒரு உச்சி வெயில்ல, அவ தகரை விதை எடுக்க எந்திரிச்ச நேரம், தொப்புனு விழுந்துச்சு.

சால் நாலா பொளந்துச்சு. வருஷக்கணக்கா உசிரோட இருந்த நீலம் முத்தத்துல பொங்கி, நடையில ஓடி, வாசல்படி எறங்கித் தெருவுல போச்சு. ஊரே ஓடி வந்துச்சு, குடத்துல, சட்டியில, முந்தானையில அள்ளப் பாத்தாங்க, மண்ணு விட்டாத்தானே. பூங்காவனம் ஒடைஞ்ச சாலுக்குள்ள எறங்கி நின்னா. முழங்கால் வரைக்கும் நீலம், நடுவுல அந்தக் குண்டு, இத்தனை வருஷம் பூப் போட்டுப் பொட்டு வெச்ச குண்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கெடக்கு.

மறுவாரம் வரதப்பர் வந்தாரு. ஒரே தலப்பா.

"இனிமே துணி எங்க கம்பெனிக்கு மட்டும்தான், நாங்க சொல்றதுதான் வெலை,"ன்னாரு. "உனக்கு சால் இல்லையாமே. போ, வேம்புலி கொட்டாயில கூலிக்குப் போ, கம்பெனி உத்தரவு. அப்புறம் அந்தக் குண்டு. கம்பெனி சொத்து. கோட்டைக்குக் கொண்டு வந்து ஒப்படைக்கணும், இல்லன்னா வீடு சர்க்காருக்கு."

"நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்களேன் ஐயா. அதான் விழுந்துருச்சே."

வரதப்பர் ரெண்டடி பின்னால போனாரு. "நானா? நான் தொட்டு, அங்க உடைச்சுப் பாத்து, உள்ள வைரம் இல்லன்னா? தொரை என் கழுத்தைத்தான் புடிப்பாரு. சிப்பாய் கையிலயும் குடுக்க மாட்டேன், கூலியாள் கையிலயும் குடுக்க மாட்டேன். நீயே கொண்டு வா. ஊரு பாக்கக் கொண்டு வா."

பூங்காவனத்துக்கு அந்தப் பழைய போடா நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்றதுக்குத்தான் பின்னால சால் இல்ல. இடுப்புல இருந்து கையை எடுத்தா. "கம்பெனி உத்தரவு. மீற முடியுங்களா. கொண்டாரேன்,"ன்னா.

மறுநாள் காலையில ஊரே பாக்க, அவ குண்டைத் தெருவுக்கு உருட்டிக்கிட்டு வந்து, கோட்டை இருக்கிற தெக்குப் பக்கமா ஒரு விரக்கடை தள்ளினா. தள்ளிட்டு உள்ள போயிட்டா. அடுத்த நாள் வந்து இன்னொரு விரக்கடை. வரதப்பர் தலப்பா அவுந்து விழ ஓடி வந்தாரு.

"என்னம்மா இது? எப்பப் போய்ச் சேரும்?"

"ஐயா, உங்காளுங்க இதைச் சுட்ட அன்னைக்கு எனக்குத் தல நரைக்கல. இது என் வீட்டுக்கு வந்து சேர எவ்வளவோ நாள் எடுத்துக்கிச்சு, நான் ஒரு வார்த்தை கேட்டனா? அதே வேகத்துல திருப்பி அனுப்புறேன். கொண்டாரலன்னு மட்டும் சொல்லாதீங்க."

வரதப்பர் தொரைகிட்டப் போயி என்னத்தை மாத்திச் சொன்னாரோ தெரியல. உத்தரவை மீறலையே, வீட்டை எப்படிப் புடுங்குறது? வைரம் வந்துக்கிட்டே இருக்குன்னு எழுதி வெச்சாங்க. தொரை மாறினாரு, அடுத்த தொரை வந்தாரு, அவருகிட்டயும் வந்துக்கிட்டே இருக்குன்னாங்க. பூங்காவனத்துக்குக் கை ஓஞ்சப்போ காத்தான் வந்து தள்ளினான், அவனுக்கப்புறம் அந்த நீலச் சட்டை போத்திக்கிட்டு வளந்த மண்ணாங்கட்டி மவ தள்ளினா, அவளுக்கப்புறம் யாரு யாரோ, குளிச்சுட்டு வர்ற வழியில, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போற வழியில, ஒரு விரக்கடை. கோட்டையும் பாழாப் போச்சு, வெள்ளைக்காரனும் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறிட்டான். குண்டு இன்னும் கடலூருக்கு இந்தப் பக்கம் ஓடுற ஆத்தைத் தாண்டல.

அவ்வளவுதான். எங்க எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கிட்டு எந்திரிக்கிறீங்க? கேட்ட காது சும்மா போகலாமா? டீ ஸ்ட்ராங்கா, சக்கரை தூக்கலா, கூட ரெண்டு மெதுவடை, வடை சூடா இருக்கணும். பெஞ்சு ஓரத்துல நைசா நழுவுறாரே அந்தக் கண்ணாடிக்காரரு, அவரு நல்லாச் சிரிச்சாரு, அவரு கணக்குல ஒரு கட்டுப் பீடியும் சேத்துக்கோங்க.